ஓதம் பிடித்த கான்கிரீட் சீலிங்: தட்டிப் பார்ப்பது முதல் பெயின்ட் வரை

மழைக்காலம் முடியும்போது சீலிங்கில் பழுப்பாக ஒரு வளையம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் பெயின்ட் கொப்புளம் போடுகிறது. அதற்கடுத்த ஆண்டு இரண்டு விரல் கனத்தில் ஒரு பத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் விழுகிறது. இடைப்பட்ட காலத்தில் வீட்டில் நடந்தது ஒன்றே ஒன்று: பொங்கலுக்குப் பொங்கல் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான வீடுகளின் கூரை 4 முதல் 5 அங்குலக் கனமுள்ள ஆர்.சி.சி. தளம். அதன் அடிப்பக்கத்தில் 8 அல்லது 10 மி.மீ. கம்பி, அதற்குக் கீழே 15 முதல் 20 மி.மீ. கான்கிரீட் மூடல், அதற்கும் கீழே 6 முதல் 12 மி.மீ. சிமென்ட் பூச்சு. இந்த வழிகாட்டி முக்கியமாக அந்தத் தளத்துக்கானது. ஜிப்சம் பால்ஸ் சீலிங் பற்றிப் பின்பகுதியில் சுருக்கமாக இருக்கிறது. மரக்கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு உங்களுடையது என்றால் இங்கே சொல்லும் சிமென்ட் வேலை எதையும் அதில் செய்யாதீர்கள். அந்தக் கட்டுமானத்துக்கு சுண்ணாம்புதான் ஒத்துவரும்.

பத்தை ஏன் விழுகிறது

தண்ணீர் நேரடியாகப் பத்தையைத் தள்ளுவதில்லை. கம்பியின் துருதான் தள்ளுகிறது. புது கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி, துரு அண்டாமல் காக்கும். ஆண்டுகள் போகப் போக, காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. பி.எச். 9 வாக்கில் வந்ததும் படலம் போய்விடுகிறது. கடலோரக் காற்றின் உப்பும், கலவைக்கு ஊற்றிய உப்பு போர்த்தண்ணீரும் இதே வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்கும். அதன் பிறகு ஈரம் கிடைத்தால் போதும். துரு, தான் உண்ட இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில் கீழ்மூடல் வெடித்துப் பத்தையாகக் கழல்கிறது.

இதனால்தான் வெளியே தெரியும் துரு அப்படியே இருக்க, மேலே பூச்சு மட்டும் பூசினால் இரண்டு மூன்று ஆண்டில் அதே இடம் மீண்டும் விழுகிறது.

கை வைக்கும் முன்

கறைக்கு அருகில் விளக்கோ மின்விசிறியோ இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். கான்கிரீட்டுக்குள் போகும் மின்குழாய் வழியாகத் தண்ணீர் நேராக விளக்குக்கே வந்து நிற்கும். விசிறிக் கொக்கியைச் சுற்றி வெடிப்போ துருக்கறையோ தெரிந்தால் அன்றைக்கே விசிறியைக் கழற்றி இறக்குங்கள். பொக்கையான, அதாவது உள்ளே கழன்று வெற்றாக நிற்கும், இடத்துக்குக் கீழே கட்டில், தொட்டில், படிக்கும் மேசை எதுவும் வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

கறை தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தளத்துக்குள் போன நீர், வெடிப்பு வழியாகவோ மின்குழாய் வழியாகவோ பத்தடி தள்ளி வந்து சொட்டும். ஆகவே இடத்தை விடக் காலத்தைக் கவனியுங்கள். மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் கறை பெருத்து, கோடையில் முழுக்கக் காய்ந்தால் மொட்டை மாடி. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் தண்ணீர்க் குழாய். காலையிலும் இரவிலும் மட்டும் கூடினால் மேல்வீட்டுக் குளியலறை. ஏ.சி. ஓடும் மாதங்களில் மட்டும் வந்தால் அதன் வடிகுழாய்.

குழாய்தானா என்று பார்க்க, இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டார் போடாமல், மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. குளியலறை என்றால் நஹானி ட்ராப்பின் (தரையில் தண்ணீர் வடியும் துளை) வாயைத் துணிப்பந்தால் இறுக்கி அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பாருங்கள். கீழே ஈரம் கூடினால் குற்றம் டைல்ஸ் இடுக்கிலோ ட்ராப்பைச் சுற்றியோ இருக்கிறது. கூடவில்லை என்றால் சுவருக்குள் போகும் குழாயையும் கழிவுக்குழாய் இணைப்பையும் பிளம்பரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மேல்வீட்டாரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. சோதனையை அவரையும் உடன் வைத்துக்கொண்டு செய்தால் செலவைப் பேசுவதும் எளிது.

மொட்டை மாடிக்கு, மழைநீர்க் குழாயின் வாயில் மணல்மூட்டை வைத்து அடைத்து, ஒன்று முதல் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுவது வழக்கம். ஆனால் ஒன்று கவனியுங்கள். 10-க்கு 10 அறையின் மேல் 2 அங்குலத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 470 கிலோ எடை. கீழே கம்பி தெரியும்படி பத்தை விழுந்திருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். அதற்குப் பதில் தாழ்வான பகுதியிலிருந்து தொடங்கி, ஒரு பகுதிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் என்று ஹோஸ் வைத்து நனைத்து, கீழே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே அடைப்பது

மொட்டை மாடி ஒழுகலில் பெரும்பகுதி நான்கு இடங்களில் முடிந்துவிடும்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தொட்டிக் குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், தட்டோட்டு இடுக்குகள். அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் இலையைக் கிள்ளி என்ன பயன்? வேர் போன மட்டும் உடைத்து எடுத்த பிறகே அடைக்க வேண்டும். ஷாமியானா கட்டவும் டிஷ் ஆன்டெனா பொருத்தவும் துளைத்த போல்ட் ஓட்டைகளையும் தேடுங்கள்.

வெடிப்பை அப்படியே மேலால் பூசாமல், 10 மி.மீ. அகலமும் ஆழமும் இருக்கும்படி வெட்டி, தூசி ஊதி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் நிரப்புங்கள். சுவர் மூலையில் 2 முதல் 3 அங்குலத்துக்குச் சரிவாகக் கலவை வைத்து, அதன் மேல் கண்ணாடி இழை வலை பதித்து, வாட்டர் புரூப் பூச்சைச் சுவரில் குறைந்தது 6 அங்குலம் ஏற்றுங்கள். இரண்டு பாகம் கலக்கும் சிமென்ட்–அக்ரிலிக் பூச்சு என்றால் இரண்டு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ பிடிக்கும். இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக அடியுங்கள். ஒரு டப்பாவை ஆயிரம் சதுர அடிக்கு இழுத்து அடித்துக் கொடுப்பவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டாலே போதும். உச்சி வெயிலில் அடித்தால் தோல் உரியும். காலை பத்துக்கு முன்போ நான்கு மணிக்குப் பின்போ அடியுங்கள்.

‘பூச்சு அடித்த பிறகும் ஒழுகுகிறதே’ என்ற புகார் அடிக்கடி வரும். பழைய வீடுகளில் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் இடையே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட 3 அங்குலச் சுருக்கி இருக்கிறது. அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மழையோடு மழையாக அதன் மேல் பூச்சு அடித்து மூடினால், உள்ளே சிக்கிய நீருக்குக் கீழே மட்டுமே வழி. வாரக்கணக்கில் சீலிங் கசியும், பூச்சும் கொப்புளிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிப்ரவரி முதல் மே வரையிலான காய்ந்த மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். தட்டோட்டின் சரிவையும் அப்போதே பாருங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் இறக்கம் வேண்டும். தண்ணீர் தேங்கும் மாடியில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது.

காய விடுவது

மேலே அடைத்த மறுநாளே கீழே வேலையைத் தொடங்கக் கூடாது. சன்னலைத் திறந்து, விசிறி வைத்து, மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளை, பெயின்ட் சுரண்டிய இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவே வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய், மீண்டும் வெளியே வரும்.

தட்டிப் பார்ப்பது

காய்ந்ததும் சிறு சுத்தியலால் சீலிங் முழுவதையும் ஓரடிக்கு ஓரடி தட்டுங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கனமாகக் கேட்கும். கழன்ற இடம் வெறும்பானை போல் பொக்கென்று கேட்கும். பொக்கையைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போடுங்கள். கறை ஒரு முழமும் பொக்கை நான்கு முழமும் இருப்பது சாதாரணம்.

இப்போது மூன்று நிலைகளில் ஒன்று தெளிவாகிவிடும். கறை மட்டும் இருந்து சத்தம் நன்றாக இருந்தால் நேரே பெயின்ட் பகுதிக்குப் போகலாம். பூச்சு மட்டும் கழன்று, உள்ளே கான்கிரீட் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் பூச்சு வேலை போதும். கம்பி போகும் திசையில் நீளமாக வெடிப்பு ஓடினாலோ, பழுப்புத் துரு தெரிந்தாலோ கம்பி வேலை இருக்கிறது.

இதில் வீட்டோடு கொத்தனாரை வைத்து முடிக்கக்கூடாத சில உண்டு. பீமிலோ தூணிலோ துரு இருந்தால், தளம் தொய்ந்திருந்தால், அறையில் கால் பங்குக்கு மேல் கம்பி வெளியே தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பால்கனியும் சன்ஷேடும் தனி ரகம். அவற்றில் எடை தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். கீழே தெரிவதை மட்டும் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கம்பி வேலை

ஒன்றிரண்டு கம்பிக்கு மேல் வெளியே வரப்போகிறது என்றால் முதலில் முட்டுக் கொடுங்கள். இரும்பு ஜாக்கி, அதன் தலையில் பலகை, மூன்று நான்கு அடிக்கு ஒன்று. தொட்டு நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். தளத்தைத் தூக்கும்படி முறுக்கினால் புது வெடிப்பு வரும். முதல் மாடி என்றால் ஜாக்கி நிற்கும் தளத்துக்குக் கீழேயும் முட்டு வேண்டியிருக்கலாம்.

கோடு போட்ட பகுதியின் விளிம்பை கட்டர் மெஷினால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்க்கோடாக வெட்டுங்கள், கம்பியைத் தொடாமல். ஒட்டுப் போடும் கலவையின் ஓரம் காகிதம் போல் மெலிந்து முடிந்தால் முதலில் அந்த ஓரம்தான் கழலும். பிறகு உளியாலோ சிறு டெமாலிஷன் மெஷினாலோ கழன்ற கான்கிரீட்டைக் கொத்தி எடுங்கள். பெரிய பிரேக்கர் வேண்டாம். நல்ல கான்கிரீட்டிலும் அது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். கண்ணாடி, என்-95 முகமூடி, தலைக்கவசம் மூன்றும் அவசியம். அண்ணாந்து கொத்தும் வேலை இது.

பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். கம்பியின் கீழ்ப்பாதி தெரிந்ததும் கொத்துவதை நிறுத்திவிடுகிறார்கள். கம்பியைச் சுற்றி விரல் போகும்படி, பின்னால் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வரக் கொத்த வேண்டும். நீளவாக்கில் துரு முடிந்து, சுத்தமான கம்பி இரண்டு அங்குலம் தெரியும் வரை போக வேண்டும். பின்பக்கத் துருவை விட்டு மூடினால் அது உள்ளிருந்து மீண்டும் தள்ளும். எவ்வளவு தூரம் காரம் போய்விட்டது என்று அறிய, புதிதாக உடைத்த முகத்தில் 1 சதவீத பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது. நிறம் மாறாத கான்கிரீட் கம்பியைக் காக்காது.

கம்பியைக் கம்பி பிரஷ்ஷால், முடிந்தால் கிரைண்டரில் மாட்டும் வயர் வீலால், உலோகம் மின்னும் வரை தேயுங்கள். பிறகு வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை அளவெடுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகிவிட்டால் ஒரு மி.மீ.தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது என்பது கணக்கு. அந்த அளவு மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் அதே விட்டத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். மெலிந்த இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் விட்டத்தைப் போல் 50 மடங்கு, அதாவது 8 மி.மீ. கம்பிக்கு 400 மி.மீ., நல்ல கம்பியோடு சேர்ந்து ஓடும்படி கட்டுக்கம்பியால் கட்டுங்கள். இந்த இடத்தில் ஒரு பொறியாளரின் கண் பட்டால் நல்லது. பழைய கம்பியை, எவ்வளவு மெலிந்திருந்தாலும், வெட்டி எடுக்காதீர்கள்.

தேய்த்த அன்றே ஜிங்க் எபாக்ஸி பிரைமரைக் கம்பியின் பின்பக்கம் உட்பட முழுதும் அடியுங்கள். ஓரிரவு விட்டாலே, அதிலும் கடலோரத்தில், புதுத்துரு பூத்துவிடும்.

கலவை

ஒரு சதுர மீட்டர் பரப்பு, 40 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நிரப்ப வேண்டியது 40 லிட்டர். அண்ணாந்து வைக்கும்போது கீழே விழும் சேதத்தையும் சேர்த்து: சிமென்ட் 25 கிலோ (அரை மூட்டை), சலித்த பூச்சு எம்-சாண்ட் 75 கிலோ, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (கலவை நன்றாக ஒட்ட உதவும் பால் போன்ற திரவம்) 4 லிட்டர், நல்ல தண்ணீர் 6 முதல் 7 லிட்டருக்குள். லேடெக்ஸை முதலில் தண்ணீரில் கலந்து, அந்த நீரைச் சிமென்ட்–மணலில் ஊற்றுங்கள். கையில் உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. அரைமணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டுக் கிளறினால் அது குப்பை. அண்ணாந்து பூசும் வேலைக்கென்றே தயாராக வரும் ரிப்பேர் மார்ட்டர் பைகளும் உண்டு. விலை கூடுதல், ஆனால் மணலின் தரத்தைப் பற்றிய கவலை இல்லை. சிறு வேலைக்கு அதையே சொல்வோம்.

பள்ளத்தை முந்தின நாளும் அன்று காலையும் நனைத்து, மேல்நீர் வற்றியதும், ஒட்டுக்குழம்பு அடிக்க வேண்டும். லேடெக்ஸ் ஒரு லிட்டருக்குச் சிமென்ட் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, பிரஷ்ஷில் ஏறும் பதம். டப்பாவில் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். குழம்பு பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை அழுத்தி வையுங்கள். காலையில் முழுப் பரப்புக்கும் குழம்பு அடித்துவிட்டு டீ குடித்து வந்து பூசினால், காய்ந்த லேடெக்ஸ் பிளாஸ்டிக் தாள் போல நடுவே நின்று, கலவையை ஒட்டவிடாது. அப்படிக் காய்ந்துவிட்டால் சுரண்டி மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

முதலில் கம்பியின் பின்பக்கத்தைக் கட்டை விரலால் திணித்து நிரப்புங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ. கனம் மட்டும். கனமாக அப்பினால் தன் எடையிலேயே தொங்கிக் கழன்று, மட்டப்பலகை ஓட்டும்போது ஒட்டியது போலவே தெரியும், மறுநாள் தட்டினால் பொக்கை. ஒவ்வொரு அடுக்கையும் கரண்டி முனையால் கீறிவிட்டு, இறுகியதும் மீண்டும் குழம்பு அடித்து அடுத்த அடுக்கு. லேடெக்ஸ் கலவையை ஒரு நாள் ஈரச்சாக்கோ ஸ்பிரேயரோ வைத்து ஈரமாக வைத்து, பிறகு காற்றில் காய விட வேண்டும். அதற்குமேல் பூசும் சாதாரண சிமென்ட் பூச்சுக்கு (1 பங்கு சிமென்ட், 3 பங்கு மணல், 6 முதல் 10 மி.மீ. கனம்) ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். ஜாக்கிகளை ஒட்டுவேலை முடிந்து இரண்டு வாரத்துக்கு முன் எடுக்க வேண்டாம்.

கான்கிரீட்டில் உப்பு ஏறிய வீடுகளில் சில ஆண்டுகள் கழித்து ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி வளையமாகப் புதுத்துரு கிளம்பும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி காப்பாற்றப்பட, பக்கத்துப் பழைய கான்கிரீட்டிலுள்ள கம்பி சீக்கிரம் அரிக்கப்படுகிறது. இது கொத்தனாரின் தவறு அல்ல. அந்த நிலையில் துண்டு துண்டாக ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, முழுத் தளத்துக்கும் என்ன செய்வதென்று பொறியாளரிடம் கேட்க வேண்டும்.

பட்டியும் பெயின்டும்

புதுப் பூச்சுக்கு 28 நாள் பொறுத்து, பாலித்தீன் சோதனையில் தேறிய பிறகே பட்டி. வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட், மொத்தம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவது அடுத்த உதிர்தலுக்கு அச்சாரம். பிளாஸ்டர் ஆப் பாரிஸை ஓதம் வந்த சீலிங்கில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் மாவாகும். பழுப்புக் கறையின் மேல் எமல்ஷன் எத்தனை கோட் அடித்தாலும் கறை மேலே வந்துவிடும். கறை உள்ள இடத்தில் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்துக் காய்ந்த பிறகு எமல்ஷன் அடித்தால் நிற்கும்.

ஜிப்சம் பால்ஸ் சீலிங்

போர்டு தொங்கித் தொப்பை போட்டிருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. கரண்ட்டை அணைத்து, கீழே வாளி வைத்து, தொப்பையின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டு வடியுங்கள். நனைந்து தொய்ந்த போர்டு காய்ந்தாலும் நேராகாது, மாற்றத்தான் வேண்டும். வெட்டும்போது இரண்டு பக்கமும் ஜி.ஐ. சட்டத்தின் நடுவில் முடியும்படி வெட்டினால் புதுத் துண்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். சட்டங்கள் வழக்கமாக 457 மி.மீ.க்கு ஒன்று இருக்கும். புது போர்டு 12.5 மி.மீ., குளியலறைப் பக்கம் என்றால் ஈரம் தாங்கும் பச்சை ரகம். 25 மி.மீ. ஸ்க்ரூ 230 மி.மீ.க்கு ஒன்று, தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே போக வேண்டும். இணைப்பில் டேப் வைத்து ஜாயின்ட் காம்பவுண்ட் மூன்று கோட். போர்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து மேலே உள்ள கான்கிரீட்டைப் பாருங்கள். பால்ஸ் சீலிங் பல வீடுகளில் துருப்பிடித்த கம்பியை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிறது.

கொத்தனாரிடம் பேசும்போது

‘சீலிங் ரிப்பேர், மொத்தம் இவ்வளவு’ என்று பேசாதீர்கள். கொத்தும் பரப்பு வேலை தொடங்கியதும் கூடும் என்பதால் சதுர அடிக் கணக்கில், கம்பி வேலையும் பூச்சு வேலையும் தனித்தனி விலையாக எழுதி வாங்குங்கள். லேடெக்ஸையும் பிரைமரையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, காலி டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். கம்பி தேய்த்து முடிந்ததும் ஒன்று, பிரைமர் அடித்ததும் ஒன்று என்று பின்பக்கமும் தெரியும்படி போட்டோ எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காமல் பள்ளத்தை மூடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசித் தவணையை, எல்லா இடத்தையும் சுத்தியலால் தட்டிக் கேட்ட பிறகு கொடுங்கள்.